சோறு பொங்காத நாள்

பதினான்காம் கேள்வியைத் தமிழில் எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். 'கடந்த முப்பது நாட்களில் தாங்கள் திடீரென நோய்வாய்ப்பட்டதுண்டா?' மஞ்சள் தாளில் அச்சடித்து, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். சீவலப்பேரியில் ஒரு வீட்டு வாசலில் நின்று இதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாசிக்கிறவருக்கே கூச்சமாக இருக்கும்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம், பங்குனி மாதம். எனக்கு முப்பத்தோரு வயது. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். தாளாளரோடு சண்டை போட்டு வெளியே வந்த சமயத்தில், டெல்லியில் ஏதோ ஒரு நிறுவனம் கிராமத்துப் பெண்களின் உடல்நலம் பற்றிக் கணக்கெடுக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மூன்று மாத வேலை. திருநெல்வேலி டவுனில், மேல ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். தம்பி கணேஷ்ராம் மெட்ராஸில் குடியேறிவிட்டான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் அம்மாதான் வகுப்பெடுத்தார். நல்ல மனுஷி. பதினான்காம் கேள்வி வந்ததும், "திடீரென்று உடம்புக்கு வந்துவிட்டால் உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றார். முதலில் தன் ஊரில் 'பனி பிடிச்சு' என்போம், காய்ச்சல் வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கூட வந்திருந்த டெல்லிக்காரர் 'பீமார் பட் கயா' என்றார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த பார்கவி, "ஜுரம் வந்துடுத்துன்னு சொல்வோம்" என்றாள். எங்கள் குழுவுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருந்த கிருபைராஜ் வள்ளியூர்க்காரன். "எங்க பக்கம் சொகமில்லாமப் போச்சும்போம்" என்றான்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கும். உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ்காரன் நோயில் விழுகிறான். டெல்லிக்காரரும் விழத்தான் செய்கிறார். மலையாளத்தில் நோய் போலீஸ்காரன் மாதிரி வந்து பிடிக்கிறது. நமக்குக் காய்ச்சல் வருகிறது. வந்தது பேசாமல் உட்காராமல் அடிக்கவும் செய்கிறது. என் முறை வந்தபோது, "எங்க வீட்டுல வரவே வராது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சரியாகச் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் வரும். அப்பா அம்பலவாணன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு ஒரு தும்மல் வந்தால் சந்து முழுக்கத் தெரியும். சுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். அம்மா பார்வதியம்மாளுக்கு எதுவும் வந்ததில்லை. ஒருமுறை அவளுக்கு மஞ்சள்காமாலை என்று பால்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் சொல்லும்வரை நாங்கள் மூன்று பேரும் அவள் பொங்கிப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். மிஞ்சி மிஞ்சிப் போனால் 'ஒரு மாதிரியா இருக்கு' என்பாள். என்ன மாதிரி என்று யாரும் கேட்டதில்லை. அப்பா இறந்து நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை.

பிசான நெல் அறுப்பு முடிந்திருந்ததால் சீவலப்பேரியில் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறி எட்டரைக்கெல்லாம் போய் இறங்கிவிடுவோம். தோளில் பை தொங்கியதால் எல்லோருக்கும் நான் டீச்சர். முதல் இரண்டு நாளில் நாற்பது வீடு முடித்தேன். நாற்பது வீட்டிலும் பதினான்காம் கேள்விக்கு 'இல்லை'தான். வயலில் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர்கள், ரத்தமில்லாமல் உதடு வெளுத்தவர்கள், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் நல்லாத்தான் இருக்கோம் என்றார்கள். இந்தியாவிலேயே நோயில்லாத ஊர் எதுவென்றால் சீவலப்பேரிதான் என்று டெல்லியில் முடிவு கட்டியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் சுடலைவடிவு என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவித்த நெல்லை வாசலில் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நான் கேள்வியை வாசித்தேன்.

"நோய்வாயா? அது என்னது டீச்சர்? எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கோம்."

நான் 'இல்லை'யில் டிக் அடிக்கப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏட்டி, போன மாசக் கடேசியில மூணு நாளு எங்க வீட்டுலதான சோறு வாங்குன? ஒம் புருசன் சட்டியத் தூக்கிட்டு வந்து நின்னான்லா?"

"ஆமா, மூணு நாளு பொங்கல." சுடலைவடிவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "கண்ணத் தொறக்க முடியல. ஒரே குளிரு. நாலு தடவ வாந்தி எடுத்துட்டேன். எந்திச்சு நின்னா தல கிறுகிறுன்னு சுத்துது. அதப் போயி சீக்குன்னு சொல்லச் சொல்லுதியளா? ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாத்தான அது சீக்கு!"

அடுத்த வீட்டில் மஞ்சள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "இந்த ஒரு மாசத்துல சோறு பொங்காத நாள் உண்டா?" என்று கேட்டேன். உடனே வந்தது. பங்குனி பிறந்த அன்று, பேதி. அதற்கடுத்த வீட்டில் இரண்டு நாள், இடுப்பு விட்டுப்போய் எழுந்திருக்க முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நான் கேட்ட பதினெட்டு வீட்டில் பதினொரு வீட்டில் அடுப்பு ஏதோ ஒரு நாள் அணைந்து கிடந்திருக்கிறது. நோயைக் கேட்டால் தெரியாதவர்களுக்குச் சோற்றைக் கேட்டால் தேதியோடு தெரிந்திருந்தது.

கிருபைராஜுக்கு இது பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் என்றாலும் என்னைவிட நாலு வயது இளையவன், அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"யக்கா, எழுதியிருக்கத மட்டுந்தான் வாசிக்கணும். ஆளுக்கொரு கேள்வி கேட்டா டெல்லியில நம்ம தாளத் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க."

"நாப்பது வீட்டுல ஒருத்திக்குக்கூட காச்ச வரலன்னு எழுதிக் குடுத்தா மட்டும் நம்பிருவாங்களா, கிருபை?"

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். அச்சடித்த கேள்வியை முதலில் வாசிப்பது, பிறகு என் கேள்வியைக் கேட்பது, பதிலை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பது என்று சமாதானத்துக்கு வந்தோம். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே பெருமை. டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "பொங்காட்டி வேற எப்படித் தெரியும்?" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அம்மா காப்பி டம்ளரை இடது கையில் கொண்டுவந்து நீட்டினாள். இதன் அருமை எங்கள் சாதிசனத்துக்குத்தான் தெரியும். சின்ன வயதில் இடது கையால் ஒரு பென்சிலை நீட்டியதற்கே என் புறங்கையில் கரண்டிக் காம்பு விழுந்திருக்கிறது.

"ஏம்மா, எனக்கு மட்டும் அந்தச் சட்டமெல்லாம் போட்ட, இன்னைக்கு நீ இடதுகையில நீட்டுத?" என்று சீண்டினேன்.

"சோத்தாங்கை மரத்துக் கெடக்கு. ராத்திரி அது மேல படுத்துட்டேன் போல." வலது கையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. இன்னும் குளிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்: "லேகா, இன்னைக்கு நீ கடையில சாப்பிட்டுக்கிடு."

முப்பத்தோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. கடைப் பலகாரம் எங்கள் நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு ஒருநாள் ஓட்டலில் வடை தின்றதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தவள் அவள். ஒருவழியாக அம்மா இறங்கிவந்துவிட்டாள், வயது வந்த பெண் என்று மதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். "நீ என்ன சாப்பிடுவ?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "எனக்குப் பசியில்ல" என்றாள். ஜங்ஷனில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டலில் உட்கார்ந்து பூரி மசால் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாவது செட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றைக்கு வேலை மளமளவென்று ஓடியது. பன்னிரண்டு மணிக்குள் பத்து வீடு முடித்தேன். சோறு பொங்காத நாள் உண்டா, சோறு பொங்காத நாள் உண்டா என்று கேட்டுக் கேட்டு அது பாட்டு மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறியதும் சுடலைவடிவின் வீட்டு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். அவள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். இந்தப் பக்கத்தில் பெண்கள் சந்தித்துக்கொண்டால் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எல்லார் வீட்டு அடுப்பையும் கேக்குதிய. உங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு, டீச்சர்?"

"இன்னைக்கு வீட்டுல பொங்கல. நான் கடையில சாப்பிட்டேன்."

"ஏன், அம்மைக்கு மேலுக்கு முடியலையா?"

மணி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே டம்ளரில் மோரை ஊற்றினாள். அந்த டம்ளரை நான் வாங்கவில்லை. நேற்றிலிருந்து ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விக்கு என் வாயாலேயே பதில் சொல்லியிருக்கிறேன். காலை ஆறரை மணி என் கண்முன் வந்து நின்றது. இடது கை. மடியில் கிடந்த வலது கை. வெறும் நெற்றி. அந்தக் கை திருநீற்றுக் கிண்ணம்வரைக்கும் எழும்பவில்லை. அவளால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அதனால்தான் பொங்கவில்லை.

"என்ன டீச்சர், இப்படி வேர்க்குது?"

"எங்கம்மாவுக்கு முடியல" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னபிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

"அப்ப போங்க. பையை நான் எடுத்து வைக்கேன். கேள்வி எங்கன போயிரப் போவுது?"

அடுத்த பஸ் இரண்டு மணிக்குத்தான். கிருபைராஜிடம் ஓடினேன். அவன் எதுவும் கேட்காமல் தன் எம்.80 வண்டியை உதைத்துக் கிளப்பினான். டவுனில் கல்யாணமாகாத ஒரு பிள்ளைமார் வீட்டுப் பெண் ஒரு ஆணின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தால் நாலு தெரு பேசும். பேசட்டும் என்றிருந்தது. வழியெல்லாம் எனக்கு அம்மாவின் மேல் அப்படியொரு கோபம். முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நாக்கில் புண்ணா வந்துவிடும்? ஊரிலுள்ள அத்தனை பாஷையிலும் அதற்குச் சொல் இருக்கிறது, இந்தப் பொம்பளைக்கு மட்டும் ஒன்றுகூட இல்லையா? ஆற்றுப் பாலம் தாண்டுகிறவரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் திட்டுவதற்குத் தெம்பில்லை. நெல்லையப்பா, அவள் உயிரோடு இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டதற்குப் பதிலில்லை. அடுக்களையில் அவள் சுவரோடு சாய்ந்து தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அடுப்பின் மேல் அரிசி களைந்து போட்ட பானை. அவளைச் சுற்றித் தரையெல்லாம் தீக்குச்சிகள். ஒன்றும் பற்றவில்லை, எல்லாம் பாதியில் முறிந்திருந்தன. சாயங்காலம் நான் பசியோடு வருவேன் என்று ஒற்றை இடது கையால் தீப்பெட்டியை உரசிப் பார்த்திருக்கிறாள்.

எனக்குப் பின்னால் கிருபைராஜ் வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுடைய இடது கை மெல்ல அசைந்தது. என்னை நோக்கி நீட்டுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அவள் சேலைத் தலைப்பைத் தேடி எடுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அந்நிய ஆம்பளை வீட்டுக்குள் வந்திருக்கிறானே.

ஆட்டோவில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருபைராஜ்தான் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே படுக்க வைத்தான். பணியிலிருந்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு பேனாவை எடுத்தார்.

"எப்ப வந்துச்சு? திடீர்னு வந்துச்சா?"

பதினான்காம் கேள்வி. இந்தத் தடவை நான் பதில் சொல்கிற பக்கத்தில் நின்றேன்.

"காலையில ஆறரை மணிக்கு."

"அப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான் இருந்தேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஒன்று ஐம்பது காட்டியது. ஆறரைக்குப் பார்த்தவள் இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்காமல் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை, இப்போது பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்தச் சீட்டை நான் எதிரே நின்று தலைகீழாக வாசித்தேன். 'திடீரென்று' என்பதற்கான சொல்லை எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.

மூன்று நாள் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. நான் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக் கிடந்தேன். பார்கவி வந்து ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனாள். கிருபைராஜ் என் பையோடு வந்தான். உள்ளே மஞ்சள் தாள்களுக்கு மேல் ஒரு துணியில் முடிந்த முருங்கைக்கீரை இருந்தது. சுடலைவடிவு கொடுத்தனுப்பியது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் மூன்று தடவை கேட்டாளாம். அவளுக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றுகிற நேரத்தில் புரிந்தது எனக்கு முப்பத்தோரு வருஷமாகப் புரியவில்லை.

நாலாம் நாள் காலையில் அம்மா கஞ்சியை விழுங்கினாள். நாக்குத் தடித்திருந்தாலும் "போதும்" என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குள் அடைபட்டுக் கிடந்த எல்லாம் சேர்ந்து கோபமாகத்தான் வந்தது. எனக்கு எதுவானாலும் அப்படித்தான் வரும்.

"ஏம்மா, அன்னைக்குக் காலையில முடியலன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? எதுக்குச் சொல்லல?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபமில்லை. நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சொன்…னேம்லா."

"என்ன சொன்ன?"

ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"கடையில… சாப்பிடச்… சொன்னேம்லா."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மரத்துக் கிடந்த அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். மறுபடியும் உதடு அசைந்ததைப் பார்த்துக் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சாப்… பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா" என்றேன். "பூரி. ரெண்டு செட்டு."